எர்ரர் 25: மெமரி பாதுகாப்புச் சாவியை பூட்டிலேயே அணைத்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் லாகில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. புரோகிராமின் பெயர், அதன் எண், 'செக்ஃபால்ட்' (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு விழுந்தது) என்ற சொல், ஒரு நீண்ட முகவரி, கடைசியில் 'எர்ரர் 25'. அந்த 25-ஐச் சரியாகப் படிக்க எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சரியாகப் படித்த பிறகு, பூட் வரியில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்த்து, பிராசஸரின் ஒரு பாதுகாப்பு வசதியையே அணைத்துவிட்டு, நடந்தது என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. லினக்ஸில் இந்த வசதியைத் தொடுகிற யாருக்கும் இது நேரலாம் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பராமரிப்பது மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் ஒரு சர்வீஸ். வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் டிஜிட்டல் கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. கையொப்பம் இடுவதற்கான ரகசியம் மெமரியில் இருக்கும். பழைய சர்வர்களில் இது இரண்டு வருடத்துக்கு மேல் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடியது. பிறகு ஆறு புதிய சர்வர்கள் வந்தன. அதே பைனரி, அதே கெர்னல், அதே செட்டிங். முதல் நாள் மாலையே ஒன்றில் புரோகிராம் விழுந்தது. மறுநாள் வேறு இரண்டில். நெரிசல் கூடினால் விழுவதும் கூடியது. எந்தக் கோரிக்கையில் விழும் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. விழுந்த கோரிக்கையையே மறுபடி அனுப்பினால் சமர்த்தாகப் பதில் வந்தது.

25-ஐத் தப்பாகப் படித்தது

மெமரி பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; எந்தப் பக்கம் எங்கே, அதில் என்ன அனுமதி என்பது பக்க அட்டவணையில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தொட முடியாமல் போவதுதான் பேஜ் ஃபால்ட். அது நேரும்போது பிராசஸர் ஒரு எர்ரர் எண்ணைத் தருகிறது. அது ஒரு பிட் தொகுப்பு. கடைசி பிட் 1 என்றால் அந்தப் பக்கம் மெமரியில் இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லை என்று பொருள். அடுத்த பிட், எழுதப் போய் மாட்டியதா என்று சொல்லும். மூன்றாவது, யூசர் நிலையிலிருந்து, அதாவது கெர்னல் அல்லாத சாதாரண புரோகிராமிலிருந்து வந்ததா என்று. நான்காவது, பக்க அட்டவணையில் பூஜ்யமாகவே இருக்க வேண்டிய ஒதுக்கப்பட்ட பிட்டில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது என்று. ஐந்தாவது, கட்டளையை எடுக்கப் போனபோது நேர்ந்தது என்று.

நான் 25 என்ற எண்ணைப் பார்த்தேன். பதினாறு, எட்டு, ஒன்று என்று பிரித்தேன். அதாவது கட்டளை எடுக்கப் போனபோது, ஒதுக்கப்பட்ட பிட் கெட்டுப்போயிருந்த பக்கத்தில் மாட்டியது. பக்க அட்டவணையே சிதைந்திருக்கிறது என்று அர்த்தம் வந்தது. புதிய இயந்திரம், பக்க அட்டவணை சிதைவு என்று சேர்ந்ததும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எங்களுக்கும் தோன்றியது: ரேம் சரியில்லை. ரேமைக் கழற்றி மாற்றினோம். மெமரி டெஸ்ட்டை இரண்டு இரவு ஓடவிட்டோம். ஒரு பிழையும் வரவில்லை. ரேம் மாற்றிய சர்வரே மறுநாள் விழுந்தது.

என் கணக்கில் ஒரு முரண்பாடு அப்போதே இருந்தது. மூன்றாவது பிட், அதாவது யூசர் நிலை பிட், பூஜ்யமாக வந்தது. விழுந்தது ஒரு சாதாரண யூசர் புரோகிராம். அந்த பிட் 1 ஆக இருந்தே தீர வேண்டும். அங்கேயே நின்றிருக்க வேண்டும்; நான் கடந்து போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள், எங்கள் குழுவில் சேர்ந்து சில மாதமே ஆன பெண் பழைய லாக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேட்டார்.

"அண்ணா, எல்லா கிராஷும் நிமிஷத்தோட முதல் ரெண்டு செகண்டுக்குள்ளதான் வருது, பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை.

"அப்புறம் அந்த 25 டெசிமல்தானா? பக்கத்துல இருக்கிற முகவரியெல்லாம் ஹெக்ஸா இருக்கே."

அதுவும் ஹெக்ஸ்தான். கெர்னல் அந்த வரியில் எர்ரர் எண்ணையும் பதினாறடிமானத்தில்தான் அச்சிடுகிறது, முன்னால் எந்த அடையாளமும் போடாமல். அப்படிப் படித்தால் 25 என்பது 32, 4, 1. பக்கம் இருக்கிறது, யூசர் நிலையிலிருந்து வந்திருக்கிறது, எழுத அல்ல, படிக்கப் போயிருக்கிறது. மீதமுள்ள 32-தான் ஆறாவது பிட்: பாதுகாப்புச் சாவி தடுத்தது. விழுந்த நொடியில் புரோகிராமின் நிலையைச் சேமித்த கோர் ஃபைலைத் திறந்து, அதை விழவைத்த சிக்னலின் விவரத்தைக் கேட்டால் காரண எண் 4 என்று வந்தது. லினக்ஸில் அந்த 4-க்கும் இதே பொருள்தான். முதல் நாளே பார்த்திருக்கலாம்.

சாவி என்பது என்ன

மெமரி பாதுகாப்புச் சாவி, சுருக்கமாக பிகேயு, இன்டெலின் 2017 ஸ்கைலேக் சர்வர் வரிசையோடு வந்தது. ஏஎம்டியில் ஜென் 3 தலைமுறையிலிருந்து இருக்கிறது. எங்கள் பழைய சர்வர்கள் அதற்கு முந்தையவை. இரண்டு வகை சர்வர்களுக்கும் இடையே எங்கள் புரோகிராமைப் பொறுத்தவரை முக்கியமான வித்தியாசம் இது ஒன்றுதான்.

பக்க அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பிட் பதிவு ஒன்று உண்டு. அதில் 59 முதல் 62 வரையுள்ள நான்கு பிட்டில் ஒரு சாவி எண்ணை எழுதலாம். நான்கு பிட் என்பதால் 0 முதல் 15 வரை பதினாறு சாவிகள். சாவி எண் பக்கத்தின் மேல் ஒட்டப்படுகிறது. அந்தச் சாவிக்கு இப்போது அனுமதி உண்டா இல்லையா என்பது பிகேஆர்யு என்ற 32 பிட் ரெஜிஸ்டரில், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடத்தில், இருக்கிறது. சாவிக்கு இரண்டு பிட் வீதம்: ஒன்று தொடவே கூடாது என்பதற்கு, இன்னொன்று எழுதக் கூடாது என்பதற்கு. இந்த ரெஜிஸ்டர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும்) தனி. யூசர் புரோகிராமே இதை ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம். கெர்னலிடம் போய் நிற்க வேண்டியதில்லை, பக்க அட்டவணையைத் தொட வேண்டியதில்லை, மற்ற கோர்களில் டிஎல்பியை (பக்க அட்டவணையின் விவரங்களை பிராசஸர் நினைவில் வைத்திருக்கும் இடத்தை) காலி செய்யச் சொல்லவும் தேவையில்லை. பக்கங்களின் அனுமதியை மாற்ற கெர்னலைக் கேட்கும் எம்ப்ரொடெக்ட் அழைப்பை வைத்து இதே வேலையைச் செய்தால் இத்தனையும் வரும். எங்களைப் போலக் கோரிக்கைக்கு ஒரு தடவை திறந்து மூடுபவர்களுக்கு இது பெரிய வரம்.

லினக்ஸ் 2016 மே மாதம் வந்த 4.6 பதிப்பில் இதற்கான அடித்தளத்தை ஏற்றது. சாவி வாங்க, பக்கத்தில் ஒட்ட, திருப்பித் தர மூன்று சிஸ்டம் கால்கள் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) அதே வருடம் டிசம்பரில் 4.9-இல் வந்தன. லினக்ஸ் புரோகிராம்களின் அடிப்படை லைப்ரரியான க்ளிப்சியில், 2018-இல் வந்த 2.27 பதிப்பில் இவற்றுக்கான ஃபங்ஷன்கள் சேர்ந்தன.

எங்கள் கோட் செய்தது இதுதான். தொடங்கும்போது ஒரு சாவி கேட்கும். ரகசியம் இருக்கும் பக்கத்தில் அதை ஒட்டும். கையொப்பம் இட வேண்டிய த்ரெட், அந்த நேரத்துக்கு மட்டும் தன் பிகேஆர்யுவில் சாவியைத் திறக்கும், முடிந்ததும் மூடும். புரோகிராமின் வேறு மூலையில் ஏதாவது பாயிண்டர் வழி தவறி இங்கே வந்தால் கையும் களவுமாகப் பிடிபடும். சாவி கிடைக்கவில்லை என்றால்? பழைய பிராசஸரில் சாவி கேட்டால், இடம் இல்லை என்ற பிழை வரும். அப்போது எங்கள் கோட் சத்தமே இல்லாமல் பாதுகாப்பின்றித் தொடர்ந்து ஓடும். ஆக, இரண்டு வருடமாக ஓடியது அந்த மாற்றுப் பாதை மட்டும்தான். சாவிப் பாதை முதன்முதலாக நிஜ நெரிசலில் ஓடியது புதிய சர்வர்கள் வந்த அன்று.

கிராஷ் நிற்பது எதையும் நிரூபிக்காது

பாதுகாப்புச் சாவிதான் தடுத்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதைத் தடுத்தது? இங்கே இரண்டே சாத்தியம். ஒன்று, எங்கோ ஒரு பாயிண்டர் உண்மையிலேயே கெட்டுப்போய் ரகசியப் பக்கத்தில் கைவைக்கிறது. பாதுகாப்பு தன் வேலையைச் சரியாகச் செய்து எங்களைக் காப்பாற்றுகிறது. இரண்டு, அனுமதி உள்ள கோடே தொடுகிறது. ஏதோ காரணத்தால் அனுமதி மறுக்கப்படுகிறது. முதலாவது என்றால் அது பாதுகாப்பு ஓட்டை. சர்வீஸையே நிறுத்தி வைக்க வேண்டிய விஷயம். இரண்டாவது என்றால் எங்கள் கோடில் ஒரு தவறான புரிதல்.

பூட் ஆப்ஷனைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வசதியை அணைத்தால் கிராஷ் நிற்கும், சர்வீஸும் ஓடும், சந்தேகமும் உறுதியாகும் என்று. அதே பெண் தயங்காமல் சொன்னார்: "நிக்கத்தானே செய்யும், அண்ணா. மணியைக் கழட்டிட்டா சத்தம் வராதுதான். திருடன் வந்தானா வரலையான்னு எப்படித் தெரியும்?"

இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் அந்தக் கேள்விதான். பாதுகாப்பை அணைத்ததும் கிராஷ் நின்றால், பாதுகாப்பு வசதியில்தான் கோளாறு என்று முடிவு கட்டுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கெட்ட பாயிண்டரால் வந்த கிராஷும் அணைத்தால் நின்றுதான் போகும். இனி அது யாருக்கும் தெரியாமல் ரகசியத்தைப் படிக்கும் என்பதுதான் வித்தியாசம். எனவே வெறுமனே அணைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அணைத்த நிலையில், முன்பு தடுக்கப்பட்ட தொடுகை இப்போது கடந்து போகிறது. அது கடந்து போகும்போது அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த ஆப்ஷனுக்கு அர்த்தம்.

ஆகவே முதலில் கோடில் கண்காணிப்பு வைத்தோம். கோர் ஃபைலில் கிராஷ் நேர்ந்த இடம் ஒரு சிக்னல் ஹேண்ட்லருக்குள், அதாவது சிக்னல் வந்ததும் த்ரெட் தன் வேலையை நிறுத்திவிட்டு ஓட்டும் ஃபங்ஷனுக்குள், இருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு கண்காணிப்பு த்ரெட் வேலை செய்யும் த்ரெட்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சிக்னல் அனுப்பும். ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கைகளைப் பதிவு செய்யும். நிமிடத்தின் முதல் இரண்டு செகண்டு என்ற புதிர் அங்கேயே அவிழ்ந்தது. அந்த ஹேண்ட்லர், ரகசியப் பக்கத்தில் எதைத் தொட்டாலும் முகவரியையும், அந்த நேரம் த்ரெட் சாவியைத் திறந்து வைத்திருந்ததா என்ற குறியையும், ரகசியத்தை ஒட்டி நாங்கள் வைத்த ஒரு அடையாளச் சொல் கெடாமல் இருக்கிறதா என்பதையும் எழுதும்படி செய்தோம். சிக்னல் இடைவெளியை ஒரு நிமிடத்திலிருந்து பத்து மில்லிசெகண்டுக்குக் குறைத்தோம், நாள் கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால்.

குறைத்த உடனே, சாவி இயங்கும் சர்வரில் ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் புரோகிராம் விழுந்தது. சோதனை தயார்.

ஐந்தெழுத்து

ஆப்ஷனின் பெயர் நோபிகேயு. ஆங்கிலத்தில் என், ஓ, பி, கே, யு என்று ஐந்து சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை, சமக்குறி இல்லை. இயந்திரம் எழும்போது கெர்னலை ஏற்றிவிடும் க்ரப்பின் மெனுவில் நிற்கும்போது 'இ' விசையை அழுத்தினால் பூட் வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இதை அடித்து, எஃப்10 அல்லது கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் இப்படி பூட் ஆகும். அடுத்த ரீபூட்டில் தானாகவே மறைந்துவிடும். சோதனைக்கு எப்போதும் இந்த வழியே போதும். க்ரப் செட்டிங் ஃபைலில் எழுதாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

ஒரு எழுத்து தவறினால் கெர்னல் நிற்காது, பூட் ஆகிவிடும். அதனால் பூட் ஆன பிறகு சரிபார்த்தே ஆக வேண்டும். ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் ஃபைலில் நீங்கள் அடித்தது அப்படியே தெரியும். அது போதாது, அடித்தது தெரியுமே தவிர, வேலை செய்ததா என்று தெரியாது. கெர்னல் லாகில், நோபிகேயு கொடுக்கப்பட்டது, பாதுகாப்புச் சாவிகள் அணைக்கப்படுகின்றன என்று ஒரு வரி வர வேண்டும். அதே ப்ராக் அடைவில் சிபியுஇன்ஃபோவைப் பாருங்கள். வசதி இயங்கும் இயந்திரத்தில் கொடிகளின் வரிசையில் 'பிகேயு', 'ஓஎஸ்பிகேஇ' என்று இரண்டு சொல்லும் இருக்கும். அணைத்த இயந்திரத்தில் முதலாவது மட்டும் இருக்கும். பிராசஸருக்கு அந்தத் திறன் உண்டு, ஆனால் இயங்குதளம் அதை இயக்கவில்லை என்பது அதன் பொருள்.

இந்த இரண்டு சொல் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கெர்னலுக்குள் நோபிகேயு செய்வது மிகச் சின்ன வேலை. ஒரு குறியை 'அணைக்கப்பட்டது' என்று வைக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோரும் எழுந்து தன்னைத் தயார் செய்துகொள்ளும்போது சிஆர்4 என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 22-ஆவது பிட்டை (0-இலிருந்து எண்ணினால்) ஏற்ற வேண்டும். குறி இருந்தால் ஏற்றாமல் திரும்பிவிடும். அந்த பிட் ஏறாதவரை பிராசஸர் பக்க அட்டவணையின் சாவி எண்களைக் கண்டுகொள்ளாது. கெர்னல் எழுதியவர்கள் பிகேயு என்ற திறன் குறியை அழிக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். அழித்திருந்தால், திறனே இல்லாத பழைய பிராசஸரையும் அணைத்து வைத்த புதிய பிராசஸரையும் சிபியுஇன்ஃபோவில் பிரித்தறிய முடியாமல் போயிருக்கும்.

இன்னொரு நல்ல விளைவும் உண்டு. 22-ஆவது பிட் ஏறியிருக்கிறதா என்பதை பிராசஸரே தன் திறன்களைச் சொல்லும் சிபியுஐடி கட்டளையின் பதிலில் பிரதிபலிக்கிறது. யூசர் புரோகிராம் நேரடியாகக் கேட்டாலும் 'இயங்குதளம் இயக்கவில்லை' என்ற உண்மையான பதில் கிடைக்கும். கெர்னலிடம் சாவி கேட்டால், பழைய பிராசஸரில் வரும் அதே 'இடம் இல்லை' பிழை வரும். கேட்காமலே நேரடியாக பிகேஆர்யுவில் எழுதப் போகும் புரோகிராம் செல்லாத கட்டளை என்று அடி வாங்கி விழும். அப்படி எழுதியிருப்பது அந்தப் புரோகிராமின் தவறு. எல்லா ஆப்ஷன்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. க்ளியர்சிபியுஐடி என்ற பொதுவான ஆப்ஷனால் எந்தத் திறன் குறியையும் கெர்னலின் கண்ணிலிருந்து மறைக்கலாம். ஆனால் யூசர் புரோகிராம் தானாகவே பிராசஸரைக் கேட்டால் அது இருக்கிறது என்றே பதில் வரலாம். இதை கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைக்க ஒரு வழி வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. பிட் கோர்களில் ஒவ்வொன்றாகத்தான் மாறும். பாதி கோர்களில் பாதுகாப்பு உண்டு, பாதியில் இல்லை என்ற இடைவெளி வரும். ஏற்கனவே சாவி வாங்கிய புரோகிராம்கள் அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது செல்லாத கட்டளையில் மாட்டும். பூட் நேரத்தில், எந்தப் புரோகிராமும் பிறக்காதபோது முடிவெடுப்பது ஒன்றே சுத்தமான வழி. விர்ச்சுவல் மெஷினில் சோதிப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு: விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யுவில் பிராசஸர் விவரத்தில் பிகேயுவைக் கழித்துவிட்டால் உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

கடைசி இலக்கம்

மூன்று சர்வர்களை நோபிகேயுவோடு பூட் செய்து, பத்து மில்லிசெகண்டு சிக்னலோடு இரவு முழுவதும் ஓடவிட்டோம். ஒன்றும் விழவில்லை. காலையில் பதிவுகளைத் திறந்தோம். ரகசியப் பக்கத்தில் ஹேண்ட்லர் தொட்ட முகவரி எல்லாப் பதிவிலும் ஒன்றுதான்: ரகசியம் இருக்கும் அமைப்பிலேயே, அதற்கு அடுத்து இருந்த 'எத்தனை தடவை பயன்பட்டது' என்ற எண்ணி. தொட்ட ஒவ்வொரு முறையும் த்ரெட்டின் குறி 'திறந்திருக்கிறது' என்றே சொன்னது. அடையாளச் சொல் ஒரு தடவைகூடக் கெடவில்லை. வழி தவறிய பாயிண்டர் இல்லை. யாரும் திருடவில்லை. வீட்டுக்காரரே உள்ளே வந்து மாட்டியிருக்கிறார்.

அந்த எண்ணியை எழுதியவர் சரியாகத்தான் யோசித்திருந்தார். சாவி மூடியிருக்கும்போது ஹேண்ட்லர் தொட்டால் விழும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் குறி வைத்து, த்ரெட் சாவியைத் திறந்து வைத்திருக்கும் சமயத்தில் மட்டும் எண்ணியைப் படிக்கும்படி எழுதியிருந்தார். த்ரெட்டுக்கு அனுமதி இருக்கிறது, ஹேண்ட்லர் அதே த்ரெட்டில்தான் ஓடுகிறது, எனவே அதற்கும் அனுமதி உண்டு. படிக்கிற யாரும் தலையாட்டுவார்கள். நானும் அந்தக் கோடை ரிவ்யூவில் ஒப்புக்கொண்டவன்.

இனி சாவி இயங்கும் சர்வரில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பிகேஆர்யுவைப் படிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சாவியைத் திறந்த உடனே ஒரு தடவையும், ஹேண்ட்லரின் முதல் வரியில் ஒரு தடவையும் அதைப் படித்து எழுதச் சொன்னோம். முதலாவது ஹெக்ஸில் 55555550. இரண்டாவது 55555554.

கடைசி இலக்கம் மட்டும் வேறு. எங்கள் சாவி எண் 1. அதற்கான 'தொடாதே' பிட் அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கிறது. 55555554 என்பது லினக்ஸின் தொடக்க மதிப்பு: சாவி 0-ஐத் தவிர மற்ற பதினைந்தும் மூடியிருக்கும் நிலை. அதாவது சிக்னல் வந்ததும், குறுக்கிடப்பட்ட த்ரெட்டின் அனுமதியை கெர்னல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஹேண்ட்லருக்குத் தொடக்க அனுமதியை மட்டும் கொடுக்கிறது. ஹேண்ட்லர் திரும்பியதும் பழைய அனுமதி திரும்பி வருகிறது. இது பிழை அல்ல. சாவிகள் பற்றிய கையேட்டுப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. சிக்னல் எந்த நொடியில் வரும் என்று தெரியாது, ஹேண்ட்லரில் எந்த லைப்ரரியின் கோடும் ஓடலாம். அதன் கையில் திறந்த சாவியைக் கொடுப்பது ஆபத்து. யோசித்துப் பார்த்தால் இதுதான் முறை.

இதே குடும்பத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஹேண்ட்லருக்கென்று ஒதுக்கிய மாற்று ஸ்டாக் சாவி ஒட்டிய பக்கத்தில் இருந்தால், அந்த ஸ்டாக்கில் எழுத கெர்னலுக்கே அனுமதி இல்லாமல், சிக்னல் போய்ச் சேராமல் புரோகிராம் விழும். அதை கெர்னலில் 2024-இல் சரிசெய்தார்கள். எங்கள் விஷயத்தில் கெர்னலில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

திருத்தியதும், மிச்சம் இருந்ததும்

மூன்று வழி இருந்தது. ஹேண்ட்லருக்குள் சாவியைத் திறந்து படித்துவிட்டு மூடலாம். ஒரே வரி வேலை, ஆனால் கெர்னல் யோசித்து மூடிய கதவை நாமே திறப்பது போல ஆகிவிடும். சாவி திறந்திருக்கும் நேரம் முழுவதும் சிக்னலைத் தடுத்து வைக்கலாம். கோரிக்கைக்கு இரண்டு சிஸ்டம் கால் கூடும், சாவியால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். மூன்றாவது, அந்த எண்ணிக்கு ரகசியப் பக்கத்தில் என்ன வேலை? அது ரகசியமே அல்ல. சாதாரண மெமரிக்கு மாற்றினோம். கோடில் நகர்ந்தது நான்கு வரி.

கூடவே அந்தச் சத்தமில்லாத மாற்றுப் பாதையையும் திருத்தினோம். சாவி கிடைக்காவிட்டால் இப்போதும் ஓடும். ஆனால் பாதுகாப்பில்லாமல் ஓடுகிறேன் என்று தொடக்கத்திலேயே லாகில் எழுதும். டெஸ்ட்களைச் சாவி உள்ள இயந்திரத்திலும், நோபிகேயு போட்ட இயந்திரத்திலும் என இரண்டிலும் ஓட்டுகிறோம். எங்களுக்கு அந்த ஆப்ஷனின் நிரந்தரப் பயன் இதுதான். புதிய இயந்திரம் ஒன்றை வைத்தே பழைய இயந்திரத்தின் பாதையையும் சோதிக்க முடிகிறது.

ஆனால் இடையில் இன்னொன்று நடந்திருந்தது. திருத்தம் வெளிவரும்வரை சர்வீஸ் ஓட வேண்டும் என்பதற்காக, ஆறு சர்வர்களிலும் நோபிகேயுவை க்ரப் செட்டிங் ஃபைலில் நிரந்தரமாக எழுதியிருந்தோம். அந்த முடிவு தவறில்லை. அந்த நாட்களில் நாங்கள் பழைய சர்வர்களின் பாதுகாப்பு நிலையில்தான் இருந்தோம், அதை எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். திருத்தம் வந்ததும் நீக்கச் சொன்னோம். நான்கு சர்வரில் நீக்கினார்கள். இரண்டு விட்டுப்போயின. நான்கு மாதம் கழித்து, வேறு வேலையாக லாகைப் பார்த்தபோதுதான் 'பாதுகாப்பில்லாமல் ஓடுகிறேன்' என்ற எங்கள் சொந்த வரி கண்ணில் பட்டது.

அந்த நான்கு மாதமும் அந்த இரண்டு இயந்திரத்தில் பாதுகாப்பை இழந்தது எங்கள் சர்வீஸ் மட்டும் அல்ல. பூட் ஆப்ஷன் இயந்திரம் முழுவதற்கும் பொருந்தும். ஒரு புரோகிராம் தன் மெமரிப் பகுதியை 'ஓட மட்டும், படிக்கக் கூடாது' என்று எம்ப்ரொடெக்ட் மூலம் கேட்டால், லினக்ஸ் 4.6-இலிருந்து கெர்னல் அதற்கும் உள்ளுக்குள் ஒரு சாவியைத்தான் பயன்படுத்துகிறது. சாவி அணைந்த இயந்திரத்தில் அதே அழைப்பு வெற்றி என்றே திரும்பும். அந்தப் பகுதி மட்டும் யாரும் படிக்கக்கூடியதாக இருக்கும். ஒரு பிழையும் வராது, ஒரு எச்சரிக்கையும் வராது.

கெர்னல் பராமரிப்பவர்கள் இதே கவலையில் 2022-இல் பல பழைய ஆப்ஷன்களை ஒட்டுமொத்தமாக நீக்கினார்கள். கெர்னல் தவறுதலாக யூசர் மெமரியைத் தொடுவதைத் தடுக்கும் எஸ்மேப், யூசர் பக்கத்தின் கோடை கெர்னல் ஓட்டுவதைத் தடுக்கும் எஸ்மெப், தரவுப் பக்கத்தில் கோட் ஓடாமல் தடுக்கும் என்எக்ஸ் ஆகியவற்றை அணைக்கும் தனி ஆப்ஷன்கள் அதில் போயின. வசதிகள் புதிதாக வந்த காலத்தில் அவற்றுக்குத் தேவை இருந்தது. ஹார்ட்வேரும் கோடும் முதிர்ந்த பிறகு அவை பழைய கன்ஃபிக் ஃபைல்களில் ஒட்டிக்கொண்டு கேடு செய்வதற்கே மிஞ்சின. அது சரியான முடிவு என்பது என் கருத்து. நோபிகேயுவின் நிலை வேறு. எஸ்மேப்பை கெர்னல் மட்டுமே பயன்படுத்துகிறது. சாவிகளைப் பயன்படுத்துவது யூசர் புரோகிராம்கள். எங்களைப் போல முதன்முறையாகத் தடுமாறுபவர்கள் இன்னும் வருவார்கள்.

இப்போது எங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்டில் ஒரு சோதனை இருக்கிறது. சிபியுஇன்ஃபோவில் பிகேயு இருந்து ஓஎஸ்பிகேஇ இல்லை என்றால், ஆப்ஷனைப் போட்டவர் பெயரும் நீக்க வேண்டிய தேதியும் எழுதிய ஒரு ஃபைலைத் தேடும். ஃபைல் இல்லை என்றால், அல்லது தேதி தாண்டியிருந்தால், அந்தச் சர்வருக்கு டிப்ளாய் நடக்காது. விட்டுப்போன இரண்டில் கடைசியை ரீபூட் செய்தபோது அந்தப் பெண்தான் டெர்மினல் முன்னால் இருந்தார். சிபியுஇன்ஃபோவைத் திறந்து, நீண்ட கொடி வரிசையில் விரலை வைத்துத் தேடி, இரண்டாவது சொல்லைக் கண்டதும், "வந்துருச்சு, அண்ணா" என்றார்.